நாற்பத்து மூன்றாவது வேலை

தட்டு வைக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃபைல் கட்டை வைத்தார் கணவர். கரண்டியோடு நின்ற மனைவி அதைப் பார்த்தாள்.

"மாசக் கடைசியில கொடுக்கணும். கொஞ்சம் பாத்துடு."

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?"

"முழுசாத்தான்."

சர்வதேச உறவுகள் படிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன வேலை கிடைக்கும் என்று சொல்லும் பல்கலைக்கழகக் கையேடு அது. தட்டினால் எழும் தூசிக்கு மூன்று வகுப்புகளுக்கு விடுமுறை விட வேண்டும். அதிலிருந்த நாடுகளில் பாதி வரைபடத்தை விட்டே ஓடிப்போய்விட்டன. பெண்களுக்கென்று ஒரே ஒரு வேலை: தட்டச்சு.

அதைப் புதுப்பிக்க ஆலோசகராகக் கணவரைத்தான் நியமித்திருந்தார்கள். அவர் அறிந்த ஒரே வெளியுறவு, பக்கத்து வீட்டுக்காரரோடு வண்டி நிறுத்தும் தகராறு. நியமனம் வாங்கித் தந்த விண்ணப்பமும் மனைவி எழுதியதே. அவள் அதே படிப்பில் முதல் மாணவி. தூதரக வேலைக்குத் தேர்வாகியும், கல்யாணம் நிச்சயமானதால் போகவில்லை.

மாமனாருக்கு மருந்து கொடுத்துவிட்டு எழுதினாள், துணி காயப்போட்டுவிட்டு எழுதினாள். உலகத்தின் நான்கு மூலையிலும் இருந்த பழைய வகுப்புத் தோழிகளை ஃபோனில் பிடித்து நாற்பத்திரண்டு வேலைகளைத் திரட்டினாள். முடித்த அன்று ஒன்றே ஒன்று கேட்டாள்: அட்டையில் தன் பெயரும் வேண்டும்.

"அவன் பேரு இருந்தா நீயும் இருக்கிற மாதிரிதானேம்மா," என்றாள் மாமியார், அன்பாகத்தான்.

"வீட்டு ஒத்தாசைக்கெல்லாமா பேர் போடுவாங்க?" என்றார் கணவர். "நாளைக்குச் சமையலுக்கும் அட்டை அடிக்கச் சொல்லுவ."

பதினாறு வருஷத்து அலுப்பு எதிர்வாதம் பண்ணாது. அவள் உட்கார்ந்து இன்னும் ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தாள்.

எதையும் படிக்காமல் கையெழுத்திடுவது கணவரின் குலவழக்கம். அன்றைய வேகத்தில் பேனாவுக்கே மூச்சு வாங்கியது. பல்கலைக்கழகக் குழுவோ பக்கங்களை எடை போட்டுப் பாராட்டி, இரண்டாயிரம் பிரதி அச்சடித்தது.

வெளியீட்டு மேடையில் கணவருக்கு மாலை விழுந்தது. பிறகு ஒரு மாணவி எழுந்து, ஐயா எழுதியதில் கடைசி வேலையைப் பற்றி விளக்க வேண்டும் என்று கேட்டு, உரக்க வாசித்தாள்:

'43. ஆலோசகரின் மனைவி. தகுதி: முதல் வகுப்பு, இரண்டு அயல்மொழிகள். பணி: கணவர் பெயரில் இதுபோன்ற நூல்கள் எழுதுதல். ஊதியம், விடுப்பு, ஓய்வு வயது: இல்லை. இத்துறையில் காலியிடங்கள் எப்போதும் உண்டு. மாணவிகள் சேருமுன் யோசிக்கவும்.'

வீட்டுக்கு வந்த கணவரின் முகத்தில் அடுப்பு மூட்டியிருக்கலாம்.

"என்ன எழுதி வச்சிருக்க நீ?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நான் எங்கங்க எழுதினேன்? அட்டையில உங்க பேருதானே இருக்கு."