முப்பத்தோராம் நாள் மூட்டை

கீழே ஹூலியாகா நகரத்துக்குப் போகும் வேன் இரண்டு மணிக்கு. அதற்குள் என் சூப்புக் கடையில் பாதி விலைக்குப் பேரம் பேசி, இரண்டு கிண்ணம் குடித்து முடித்திருந்தான் அந்த அர்ஜென்டினாக்காரன். பெயர் ப்ரூனோ. பெரு நாட்டில் எங்கள் ஊருக்கு மேலே பனியும் மேகமும்தான். இந்த உயரத்தில் அவனுக்கு மூச்சு திணறியது, பேரம் மட்டும் திணறவில்லை. என் கண் அவன் மேல் இல்லை. பெஞ்சில் இன்னொரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்த அவன் முதுகுப் பையின் மேல்தான்.

காரணம், அன்று முப்பத்தோராம் நாள். எங்கள் மலைச் சுரங்கத்தில் சம்பளம் கிடையாது. முப்பது நாள் காண்ட்ராக்டருக்கு வெட்ட வேண்டும். முப்பத்தோராம் நாள், ஒரே நடையில் தோளில் சுமக்க முடிந்த கல் நமக்கு. அதில் தங்கம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த மாதம். சுரங்க வாசலிலிருந்து, தரையில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்டுவதற்குள் மூட்டை தரையைத் தொட்டால் அத்தனையும் காண்ட்ராக்டருக்கு. போன மாதம் என் கணவர் எலோயின் சாக்கு பாதி வழியில் கிழிந்தது.

"தம்பி, சூப்புக்குக் காசு வேணாம். அந்தப் பைய ஒரு மணி நேரம் குடு."

பையைப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். "இன்னொரு கிண்ணம் தருவீங்களா அக்கா?"

தந்தேன். பையைக் கவிழ்த்தான். கூடாரம், அடுப்பு, ஈரச் சட்டை, ஓட்டை ஜட்டி இரண்டு. "காத்தோட்டமா இருக்கட்டும்னு வாங்குனியா?" என்றாள் பக்கத்தில் மெல்லுவதற்குக் கோகா இலை விற்கும் நேலி.

பெண்கள் சுரங்க வாசலுக்குப் போனால் மலைக்குப் பொறாமை, தங்கம் ஒளிந்துகொள்ளும் என்பார்கள். உள்ளே போகிற ஒருவரிடம் பையை எலோய்க்குக் கொடுத்தனுப்பிவிட்டு, நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றேன். பக்கத்தில் ப்ரூனோ.

எலோய் வெளியே வந்தார். தோளில் பை கல்லால் பிதுங்கியது. பத்து அடி. இருபது. முதுகு வளைந்துகொண்டே போனது. பையின் இடுப்புப் பட்டைகள் இரண்டும் அலங்காரத் தோரணமாய்த் தொங்கி ஆடின.

"ஐயோ, அத மாட்டலியா!" ப்ரூனோ ஓடினான். ஓடினான் என்றால், தவழாத குறை.

காவல்காரர் செவெரோ குறுக்கே கை நீட்டினார். "நில்லு! தோளுன்னுதான் விதி. இடுப்புல கட்டுனா செல்லாது."

"ஏன் செவெரோ ஐயா," இங்கிருந்தே கத்தினேன், "உங்க தோளு இடுப்பு இல்லாம அந்தரத்துலயா நிக்குது?"

"அவருக்குத் தொப்பை மேல நிக்குதும்மா!" எலோய்க்குப் பின்னால் மூட்டையோடு நின்ற வரிசையில் ஒரு குரல்.

வரிசையே வெடித்துச் சிரித்தது. செவெரோ மீசைக்குள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். நீட்டிய கை இறங்கியது. 'டக்.' ப்ரூனோ இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டினான். பாரம் இடுப்புக்கு இறங்க, எலோய் மெல்ல நிமிர்ந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கோட்டைத் தாண்டினார்.

வெட்டிய கல்லை நொறுக்கித் தங்கம் பிரிக்கும் அரைகல்லுக்குப் போனபோது வேன் ஹாரன் அடித்தது. "நாளைக்கும் வேன் இருக்குல்ல?" என்றான் ப்ரூனோ. அந்தப் பெரிய அரைகல்லின் மேல் போட்ட பலகையில் ஒரு முனையில் எலோய் ஏறினார், மறுமுனையில் அவன். பலகை ஏறி இறங்க, கீழே மாதக் கூலி நொறுங்கியது. தண்ணீர் பழுப்பாக வழிந்தது. இன்னும் ஒரு தங்க மினுக்கும் இல்லை.

"எங்களுக்கு இடமில்லியா?" நேலி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ப்ரூனோ பின்னால் ஏறினாள். நான் எலோயின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பலகை எங்களை வானத்துக்குத் தூக்கியது.