சமக்குறி இல்லாத கட்டம்

...அசையவில்லை, மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கான வரிசையில் பீஸ் எண்ணிக்கையைக் கூட்டிப் போட்டும் கீழே துணியின் மொத்த எடை அப்படியே நிற்கிறது, கோமளா கணக்கை மறுபடி ஓட்டும் எஃப் ஒன்பதை அமுக்கிப் பார்த்தாள், ஒன்றுமில்லை, டூல்ஸுக்குள் போய்ப் பார்த்தாள், கணக்குப் போடுவது ஆட்டோமேட்டிக் என்றுதான் இருந்தது, பிறகு ஏன்... ஃபைலை மூடித் திறந்தாள், அதே எடை. வேலம்பாளையத்தில் குழந்தைகளுக்கான பனியன் துணி உடுப்புகளைத் தைத்து ஏற்றுமதி செய்யும் இந்தக் கம்பெனியில் அந்த எக்ஸெல் ஷீட்டை உண்டாக்கியவளே அவள்தான். ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து, லீவில் இருந்துவிட்டு இன்றுதான் வந்திருக்கிறாள், வாசல் செக்யூரிட்டி முதற்கொண்டு எல்லோரும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால்தான் என்ன சொல்வது, வலி இல்லை, அழுகையும் வரவில்லை, ஏசிக் காற்று முழங்கையில் படுகிறது, அது மட்டும் தெரிகிறது.

துணிப் பிரிவு செல்வக்குமார் கதவருகில் நின்று, "ஏனுங்க, ப்ளூ கலருக்கு வெய்ட் சொல்லீட்டீங்கன்னா டையிங்குக்கு வண்டிய அனுப்பீருவேனுங்க" என்றார். "கொஞ்சம் இருங்கண்ணா." எடை குறைவாகப் போனால் துணி பத்தாது, மறுபடி சாயம் போட்டால் நிறம் முதல் லாட்டோடு ஒத்துப்போகாது, பையர் ஒரு பீஸைக்கூட எடுக்க மாட்டான், தெரியும், தெரிந்தும் நெஞ்சு படபடக்கவில்லையே, ஏன்? எடைக் கட்டத்தைச் சொடுக்கினாள். மேலே பட்டையில் ஃபார்முலா இல்லை, சமக்குறி இல்லை, வெறும் எண். அடுத்த கட்டம், அதுவும் எண். அதற்கடுத்தது... அந்த வரிசை முழுக்க யாரோ கையால் அடித்த எண்கள், பீஸை எவ்வளவு கூட்டினாலும் அவை எப்படி மாறும்?

பக்கத்து மேஜையில் பிரிசில்லா. கோமளா லீவில் இருந்தபோது அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள், வேலைக்குச் சேர்ந்து வருடம்கூட ஆகாதவள். கூப்பிட்டுக் காட்டியதும் அவள் முகம் வெளுத்தது. "ஷீட்டத் தொறந்ததும் லிங்க் அப்டேட் பண்ணட்டுமான்னு கேட்டுதுங்கக்கா, எஸ் குடுத்தேன், எல்லாக் கட்டத்துலயும் எர்ரர்னு வந்துருச்சு... உங்களுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேனுங்க, அந்த நேரத்துல எப்படிங்கக்கா பண்றது... பழைய பிரிண்ட்டப் பாத்து நானே அடிச்சுட்டேன்." பையர் ஆர்டரைக் கூட்டியது அதற்குப் பிறகா? ஆமாம், பிறகுதான். "பிங்க் கலருக்கும் இதப் பாத்துத்தான் வெய்ட் குடுத்தியா?" பிரிசில்லா தலையாட்டினாள். பிங்க் துணி அந்தக் குறைந்த எடைக்கே சாயம் ஏறி, போன வாரமே திரும்பி வந்துவிட்டது.

கோமளா சமக்குறி போட்டு, பீஸையும் ஒரு பீஸுக்கான எடையையும் பெருக்கி, கீழே இழுத்துவிட்டாள், எண்கள் ஒவ்வொன்றாக மாறின, மொத்தம் ஏறியது, ப்ளூ எடையைச் சொன்னாள், செல்வக்குமார் போனார், வெளியே வண்டி கிளம்பும் சத்தம். பிங்க் போனது போனதுதான். பிரிசில்லா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், இவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை, பாவமாகவாவது இருக்கவேண்டும், அதுவும் இல்லை, ஏதாவது சொல்லவேண்டுமே என்று அவள் தோளில் கையை வைத்து, "போனாப் போகுது உடு கண்ணு, இன்னொன்னு போட்டுக்கலாம்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அத்தை, கணவன் இளங்குமரனைப் பெற்றவள், சொன்னது இதுதானே, போனாப் போகுது கண்ணு, இன்னொன்னு பெத்துக்கலாம்... அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் இன்றுவரை அத்தையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பாட்டுத் தட்டை நீட்டினால் வாங்கிக்கொள்வதோடு சரி. அத்தைக்கும் வேறொன்றும் வாயில் வராமல்தானா? அப்போது அத்தையின் கை என் தோளில் இருந்ததா... எவ்வளவு யோசித்தும் அது மட்டும் நினைவுக்கு வரவில்லை.