கடைசிச் சுவரில் ஒரு கறை

அந்த அனிமேஷன் படத்தில் இரண்டு நகரங்கள். ஒன்று மழையும் துருவும் அப்பிய நிஜ நகரம். மற்றது, பிடரியில் கம்பி செருகிக்கொண்டவர்கள் நினைவால் மட்டும் நுழையும் பொய் நகரம். பொய் நகரத்தில் பொட்டு அழுக்கு இருக்கக் கூடாது என்பது இயக்குநர் இனாபாவின் கட்டளை. நாயகி எங்கே நிற்கிறாள் என்பது சுவரைப் பார்த்தே தெரிய வேண்டும்.

இரண்டு நகரங்களையும் தாளில் தீட்டியவள் ஹிசனோ. கடைசிக் காட்சியில் நாயகி பொய் நகரத்திலேயே தங்கிவிடுகிறாள். அந்தக் காட்சியின் சித்திரத்தை ஹிசனோ விடியலில் முடித்துக் கொடுத்துவிட்டு, டோக்கியோ ஸ்டுடியோவின் மேசைக்கடியில் படுத்துவிட்டாள். மறுநாள் காலை, தொலைவில் அகிதா ஊரில் தங்கைக்குக் கல்யாணம். மதிய ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

முடிந்த சித்திரங்களைக் காரில் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகும் கோமுரோ அவள் காலைத் தட்டினான்.

"ஹிசனோக்கா, எந்திரிங்க. குழாய்க்குக் கீழ துரு ஒழுகுது."

"எங்க?"

"உங்க சொர்க்கத்துல."

எழுந்து பார்த்தாள். பொய் நகரச் சுவரில் மெல்லிய பழுப்புக் கோடு. நிஜ நகரத்தில் மாதக்கணக்கில் குழாய்க்குக் குழாய் தீட்டிய கோடு. இங்கே தீட்டியது அவளுக்கு நினைவே இல்லை.

சித்திரத்தோடு இனாபா நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"தெரிஞ்சு போட்டதா, தெரியாம போட்டதா?"

தெரிந்துதான் என்று சொல்லும்படி, அவர் முதுகுக்குப் பின்னால் கோமுரோ தலையாட்டினான்.

"தெரியாமதான். கை பழக்கத்துல போட்டுடுச்சு."

"இப்படியே விட்டா நாயகி வெளிய வந்துட்டான்னு நெனப்பாங்க. படமே மாறிடும்."

"புதுசா வரைய சாயங்காலம் ஆகும்," என்றாள்.

அவர் சித்திரத்தை அவள் மேசையில் வைத்தார். ஹிசனோ உட்கார்ந்து, கோட்டை மறைக்க வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். தூரிகையை நனைத்தாள். கை தாளுக்குப் போகவில்லை.

"என்னால முடியலை, டைரக்டர். கறையில்லாத சுவரா வரைஞ்சு வரைஞ்சு சலிச்சுப்போச்சு. வேற யாரையாவது அழிக்கச் சொல்லுங்க."

அந்த ஸ்டுடியோவில் அவள் இவ்வளவு பேசியதில்லை. கோமுரோ கூரையைப் பார்த்தான்.

இனாபா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கோட்டின் மேல் குனிந்தார்.

"இந்தக் குழாய்ல இன்னும் தண்ணி வருதா?"

"எப்பவாவது சொட்டும்."

"கறை அப்படியே இருக்கட்டும். கோமுரோ, ஒலிக்காரங்ககிட்ட சொல்லு. கடைசியில இசை வேணாம். தண்ணி சொட்டற சத்தம் போதும்."

"அப்போ அவ வெளிய வந்துட்டாளா?"

"நீ முதல்ல வெளிய போ. காரை எடு. இவங்களை ஸ்டேஷன்ல விட்டுட்டு அப்புறமா படப்பிடிப்புக்குப் போ."

ஹிசனோ டப்பாவை மூடினாள். காரிலேயே தூங்கிப்போனாள்.