தொப்பைப் பேனா

என் மனைவி ஒன்பது வருடமாக ஒரே பேனாவில்தான் எழுதுகிறாள். அது அவள் தம்பி கொடுத்தது. நானோ மரப்பேனா கடைந்து விற்கிறவன். வீட்டின் பின்னறையில் நாள் முழுக்க என் லேத் ஓடுகிறது. அவள் கையில் மட்டும் மச்சினன் பேனா.

அவள் பள்ளி ஆசிரியை. மாலையானால் விடைத்தாள் கட்டோடு சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். அந்தப் பேனாவை எடுத்ததும் எனக்கு வயிறு எரியத் தொடங்கும். கண்கொண்டு பார்க்க முடியாத பொருள் அது. இரண்டு முனையும் ஒடுங்கி, நடுவில் தொப்பை. உளி இழுத்த வரிகள் அப்படியே நிற்கும். உப்புத்தாள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே கடைந்தவனுக்குத் தெரிந்திருக்காது. லீவு நாளில் என் லேத்தில் கைவைத்து விளையாடியவன்தானே, வேறு எப்படி வரும்?

போன மாதம் ரோஷம் வந்து, கருங்காலியில் ஒன்று கடைந்தேன். பன்னிரண்டு பூச்சு. ஒவ்வொன்றையும் காயவிட்டுத் தேய்த்து, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றிக் கொடுத்தேன். அழகாக இருக்கிறது என்று சொல்லி ஒரே ஒரு நாள் எழுதினாள். மறுநாள் அது டப்பாவுக்குள் போய்விட்டது, தொப்பைக்காரன் திரும்பி வந்துவிட்டான். கேட்டால் விரல் வழுக்குகிறதாம். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? தம்பி கொடுத்தால் தகரமும் தங்கம்.

இன்று காலை பேனாவை மறந்து வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கழற்றி, மரக்குழலைக் கம்பியில் கோத்து லேத்தில் மாட்டினேன். கெடுக்கும் எண்ணமில்லை, சத்தியமாக. வேலை என்றால் என்னவென்று அவளுக்குக் காட்டத்தான். தொப்பை கரைந்தது. வரிகள் போயின. மதியத்துக்குள் மெருகேற்றி, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மாலை வந்தவள் அதை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"உன் தம்பிக்கு வேலை தெரியலை. அதான் சரிபண்ணி வச்சேன்" என்றேன்.

"இது நீங்க கடைஞ்சதுதான்" என்றாள். "கல்யாணமான புதுசுல, சரியா வரலைன்னு குப்பைக்கூடையில போட்டீங்க. தம்பி எடுத்து கிளிப்பு, ரீஃபில் எல்லாம் போட்டுக் குடுத்தான்."

அந்த நாளில் கூடைகூடையாக எறிந்திருக்கிறேன். எதை நினைவு வைத்துக்கொள்வது? இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா எடுத்துச் சரிபண்ணிடுவீங்கன்னுதான்."

விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்தாள். இரண்டாவது தாளிலேயே பேனா விரலுக்குள் வழுக்கியது. அதைத் துடைத்து, டப்பாவில் கருங்காலிப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள். கைப்பையைத் துழாவி, பள்ளியில் கொடுத்த பிளாஸ்டிக் பேனாவை எடுத்துத் திருத்த ஆரம்பித்தாள்.