கீழறைச் சுவர்

மயூரி ரோலரை மூன்றாம் தடவை உருட்டியதும் சுவர் மறுத்துவிட்டது. சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குப் பழைய பெயின்ற் பெயர்ந்து அவளுடைய வெள்ளைச் சேலையில் விழுந்தது. மேலே ஹோலில் அப்பா கிடந்தார். மூன்று மணிக்குக் கனத்தை மயானத்துக்கு எடுக்கவேண்டும். அண்ணன் பிரியந்தன் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் இறங்கி, கொழும்புக் காலி வீதி நெரிசலுக்குள் வந்துகொண்டிருந்தான். அவன் வருமுன் சுவர் வெள்ளையாக வேண்டும்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கிச் சரியும் ஒழுங்கை அது. வீட்டின் கீழறை பாதி மண்ணுக்குள் இருந்தது. மழைக்குச் சுவர் ஓதம் குடிக்கும். பிறகு கறுப்பாய்ப் பூஞ்சணம் பூக்கும். தீபாவளிக்கு முதற்கிழமை அப்பா ஸ்ரீஸ்கந்தராசா, ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்மேலேயே புது நிறம் அடிப்பார். சுரண்டிவிட்டு அடிக்கவேண்டும் என்று அவருக்குச் சொல்லி வென்றவர் இல்லை. அவருக்கும் பூஞ்சணத்துக்கும் நாற்பது வருடப் போர். இரு தரப்பும் வருடாவருடம் வெற்றியை அறிவித்துவந்தன.

பிரியந்தனுக்கு ரொறன்ரோவில் பேஸ்மென்ற் உள்ள வீடு இருந்தது. ஆகவே பூஞ்சணம் பற்றிய உலக ஞானம் முழுவதும் அவனிடமே இருந்தது. கிழமைக்கொரு வீடியோ அனுப்புவான். “அப்பாவை அங்க படுக்க விடாதை. நெஞ்சுக்குள்ள போகும்.” தொல்லை தாங்காமல் போனமாதம் மயூரி, ஆள் பிடித்துத் திருத்தியாயிற்று என்று சொல்லிவிட்டாள். ஆள் வந்தது உண்மை. அப்பா அவனுக்குப் பிளேன்ரீ கொடுத்துத் திருப்பி அனுப்பியதும் உண்மை.

முந்தாநாள் காலை அதே அறைக் கட்டிலிலிருந்து அப்பா எழும்பவில்லை. மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்றுதான் டொக்டர் எழுதினார். மயூரிக்கோ, தான் சொன்ன பொய்யையும் அதில் எழுதியிருக்க வேண்டும்போல் இருந்தது.

மேலே ஒலிவாங்கி கரகரத்தது. ஊர்ச் சங்கச் செயலாளர் பெரியதம்பி இரங்கலுரையைத் தொடங்கிவிட்டார். “அன்னார் எமது சமூகத்தின் அசையாச் சுவராக நின்றவர்...”

கீழே இன்னொரு துண்டு விழுந்தது.

“செத்தவீட்டில பெயின்ற் அடிக்கிற ஆக்களை நான் இப்பதான் காணுறன்.”

படியில் அம்மா பாலேஸ்வரி நின்றாள்.

“அண்ணா பாத்தா என்னைத்தான் பேசுவார். திருத்தினனான் எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் ஏன் அப்பாட்டயிருந்து எழும்பி வந்தனீங்கள்?”

“பெரியதம்பி இப்பதான் அவரைப் பள்ளிக்கூடத்தில சேர்த்திருக்கிறான். உத்தியோகம் எடுத்துக் குடுக்க அரை மணித்தியாலம் செல்லும்.”

அம்மா விழுந்த துண்டை எடுத்து, நிறங்கள் அடுக்கடுக்காய்த் தெரிந்த உடைந்த ஓரத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.

“இந்த மஞ்சள், அவற்ர கண் ஒப்பரேசனுக்கு முந்தி. கிரீம் எண்டு நினைச்சு அடிச்சவர். நானும் சொல்லேல்ல. பச்சை, கொரோனா வருசம். கடையெல்லாம் பூட்டு, கேற்றுக்கு வாங்கின மிச்சம். அறை பஸ் டிப்போ மாதிரிக் கிடந்தது. அடியில ரோஸ், உன்ர கலியாணத்துக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரர் இஞ்ச இறங்கவேயில்லை.”

மயூரிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கியபோது கண் கலங்கியது.

வாசலில் அழுகுரல் எழுந்து அடங்கியது. சற்று நேரத்தில் பிரியந்தன் படியிறங்கி வந்தான். கசங்கிய சேர்ட். அறை நடுவில் நின்று சுவரைப் பார்த்தான்.

“அண்ணா, நான் பொய் சொன்னனான். இதைத் திருத்தேல்ல.”

“தெரியும்.”

“ஆர் சொன்னது?”

“அப்பாதான். வேலையாளுக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பிப்போட்டன், தங்கச்சியோட கொழுவாதை எண்டார்.” சுவருக்குக் கிட்டப் போனான். “அதையும் திருத்திப்போட்டா எனக்கு என்ன வேலை எண்டு கேட்டார். நான் பேசாமல் ஃபோனை வச்சிட்டன்.”

மேலே பெரியதம்பி அப்பாவுக்கு இல்லாத பதவியுயர்வு ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, நான் கனடா போகேக்க இந்த அறை நீலமெல்லே?”

“ஓம். ரோஸுக்கும் கீழ கிடக்கும்.”

பிரியந்தன் குந்தியிருந்து, பெயர்ந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினான். யாரோ படித்தலைப்பில் நின்று, மகனை ஐயர் கூப்பிடுகிறார் என்றார்கள். “ரெண்டு நிமிசம்” என்றாள் மயூரி.

ரோஸ் தூளாக உதிர்ந்தது. அம்மா அவன் பக்கத்தில் அமர்ந்து, தூள் நிலத்தில் விழாதபடி உள்ளங்கையைக் குவித்துப் பிடித்தாள்.