கைத்தாங்கல்

பாடைக்குக் கடைசிக் கயிறு கட்டும்போதுதான் தமிழழகனுக்கு விஷயம் தெரிந்தது. அப்பாவுக்குக் கொள்ளி வைக்கப் போவது அவன் இல்லை, சித்தப்பா மகன் ராஜேஷ். யாரும் வந்து சொல்லவில்லை. பந்தலடியில் ராஜேஷுக்குப் புது வேட்டியைப் பிரித்துக் கொடுப்பதைப் பார்த்துத் தானாகவே தெரிந்துகொண்டான். ஒரே மகன் உயிரோடு உட்கார்ந்திருக்கிறான், வேட்டி அவனைத் தாண்டிப் போகிறது. ஊன்றுகோலை அக்குளில் கொடுத்து எழுந்தான். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன வலது கால் பின்னாலேயே இழுபட்டு வந்தது.

சித்தப்பா பஞ்சநாதன் அவன் வருவதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல மூங்கிலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நான் இருக்கப்ப அவன் எதுக்கு சித்தப்பா?"

"நீதான் மவன், யாரு இல்லேன்னா? தண்ணிக்கொடத்தத் தோள்ல வச்சு மூணு சுத்து வரணும். ஒன்னால ஆவுமா தமிழு?"

"யாராச்சும் கைத்தாங்கலா புடிச்சுக்கிட்டா வந்துருவேன்."

"சாங்கியத்துக்கு ஆள் புடிக்கிற வழக்கம் எங்கயும் கெடையாதுப்பா. கொடம் வழியில வுழுந்துச்சுன்னா குடும்பத்துக்கே ஆவாது."

மனிதன் செத்தால் மட்டும் ஊருக்கு எங்கிருந்துதான் இத்தனை சாங்கியம் ஞாபகம் வருமோ. வாதம் வந்து அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது இவர்களில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. வேப்பந்தட்டை கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடையைப் பாதி நாள் சாத்திவிட்டு வந்து, அவரைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, கஞ்சி ஊட்டியவன் தமிழழகன். மலஜலம் அள்ளியபோது அவன் காலை யாரும் பார்க்கவில்லை. 

அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா சின்னம்மாளைப் பார்த்தான். "நீ சொல்லும்மா."

அம்மா நிமிரவில்லை. "வுழுந்துட்டீன்னா சிரிப்பாங்கய்யா. ஊரு வாய மூட ஒலமூடி ஏது? அவுங்க சொல்றபடி கேளு."

 சித்தப்பா சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

சுடுகாடு ஓடைக்கரையில். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரை ரோட்டிலேயே விட்டுவிட்டு, மணல் சரிவில் ஊன்றுகோல் புதையப் புதைய இறங்கினான். அவன் போய்ச் சேரும்போது நாவிதர் வெள்ளைச்சாமி, ராஜேஷுக்கு மொட்டையடித்து முடித்திருந்தார். துக்கத்துக்கோ துணிச்சலுக்கோ, ராஜேஷ் காலையிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றவன் வெயிலில் ஆடினான். தோளில் குடத்தை ஏற்றியதும் முதல் அடியிலேயே கால் பின்னியது. தண்ணீர் தளும்பி மார்பில் வழிந்தது.

"ஏய் தங்கராசு, அந்தப் பக்கம் புடிடா." பாடை தூக்கி வந்தவர்களில் ஒருவனைக் கூப்பிட்டுவிட்டு, இந்தப் பக்கம் பஞ்சநாதனே பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேரும் அக்குளில் கைகொடுத்து அவனைத் தாங்கி நடத்தினார்கள். மூன்று சுற்றும் வந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எந்தச் சாங்கியமும் குறுக்கே வரவில்லை. கடைசிச் சுற்றில் பஞ்சநாதனின் கண் தமிழழகன் மேல் பட்டது. சட்டென்று குடத்தின் ஓட்டையைப் பார்ப்பவர்போலக் குனிந்துகொண்டார்.

தீ பிடித்ததும் எல்லோரும் மோட்டார் கொட்டகைக்குக் குளிக்கப் போனார்கள். தமிழழகன் போகவில்லை. கத்தியைக் கழுவிக்கொண்டிருந்த வெள்ளைச்சாமியின் முன்னால் ஊன்றுகோலைக் கிடத்திவிட்டு மண்ணில் உட்கார்ந்தான்.

"எனக்கும் எடுங்கண்ணே."

வெள்ளைச்சாமி கொட்டகைப் பக்கம் திரும்பினார். "சித்தப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கிறேன் தம்பி."

"என் தலைண்ணே. என்னயக் கேளுங்க."

கத்தியை வேட்டியில் துடைத்தார். பிறகு கிண்ணத்துத் தண்ணீரைத் தொட்டு அவன் உச்சியில் தேய்த்தார். முடி கற்றை கற்றையாகச் சூம்பிய காலின் மேல் விழுந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமலே தமிழழகன் எதிரில் பார்த்தான். எரிகிற சிதையைச் சுற்றி, குடத்துத் தண்ணீர் சிந்திய ஈர மணலில், மூன்று பேருடைய காலடிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கிடந்தன.