மேனேஜர் மேல் கட்டிய பாட்டு

பிஸ்கட் கம்பெனியின் ஆண்டு விழா மேடையில் மைக்கைப் பிடித்து நின்ற பாட்டுக்காரனுக்குப் பாட ஆரம்பிக்கவே பயமாக இருந்தது. பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறவன் அவன். ஒரு காதல் பாட்டு கிடைத்தால் போதும், அதே மெட்டில் யாரையாவது கிழித்துத் தொங்கவிடுவான். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

"என்மேல பாட்டு கட்டியிருக்கியாமே? மூணு சரணமாம். முழுசாப் பாடணும்," என்று முன்வரிசையிலிருந்து மேனேஜர் சிரித்தார்.

முதல் இரண்டு சரணமும் வெறும் கேலி. பயமெல்லாம் மூன்றாவதைப் பற்றித்தான். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜர் மனைவியிடம் போனில் அழுவது அதில் இருந்தது. அந்த அழுகை ஒரே ஒருத்தி காதில்தான் விழும். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் டைப் அடிக்கும் அவனுடைய அக்காதான் அவள். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி, போட வேண்டியவரும் அவரே. "வெளிய மூச்சு விடக் கூடாதுடா" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இந்த மடையன் சந்தம் அழகாக விழுந்ததே என்று பாட்டில் வைத்துவிட்டான்.

"விசில் அடிச்சா மெஷினு ஓடும்" என்று எடுத்துக் கொடுத்தான். பதில் வரி எப்போதும் கூட்டத்துடையது.

"மொறச்சுப் பாத்தா ஃபேனும் நிக்கும்" என்று நாலைந்து பேர் பயந்து முனகினார்கள்.

மேனேஜர் தொடையில் தட்டிச் சிரித்தார். "எல்லாரும் பாடுங்கய்யா, என்ன பயம்?"

அந்தத் தைரியம் வினையாகப் போயிற்று. இரண்டாம் சரணத்துக்குக் கூரை அதிர்ந்தது. பாட்டுக்காரன் மூன்றாவதை நின்ற இடத்திலேயே மாற்றினான், மேனேஜரை விட்டுவிட்டுத் தன்னையே கேலி செய்தான்.

"கதவத் தொறந்தா நான்தான் நிப்பேன்..."

பதில் வரி தன் கையில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதையும் தானே பாடிவிட வாயைத் திறந்தான். மூன்று வாரமாகச் சாப்பாட்டு வேளையில் பாடிப் பழகிய இருநூறு தொண்டைகள் முந்திக்கொண்டன. 'கதவு' என்று கேட்டதே அவர்களுக்குப் போதும்.

"போனப் புடிச்சு அழுவாரு, பொண்டாட்டிகிட்ட அழுவாரு!"

ஒரே கைதட்டல். அவர்களுக்கு அது சும்மா கேலி. மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. பாட்டுக்காரனை அவர் திட்டவில்லை, ஏறெடுத்தும் பார்க்கவில்லை. எழுந்து பின்பக்கம் திரும்பி, அக்கா எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடினார்.